பெயர் நீக்கிய பட்டியல்

1

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. அந்த ஓரத்தில் காற்று வராது, இப்படி வாங்க. இன்று ஒரு கதை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முழுசாகச் சொல்கிறேன் என்று கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இது நானாகக் கட்டிய கதை அல்ல. என் நாத்தனார் கொண்டு வந்து போட்டது. ஒரு மதியம் வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள்:

"அண்ணி, கதை எழுதறப்ப பேரை எடுத்துட்டா, அது யாரோட கதைன்னு கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

"முடியாது" என்றேன். நாற்பது வருஷமாகச் சொந்தக்காரர்களை வைத்தே கதை பண்ணுகிறவள் நான். பெயரை எடுத்த பிறகும் ஒவ்வொருத்தரும் தன்னைக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன். அவள் முகம் அப்படி இருந்தது.

2

முதல் வரி பிடிபடவில்லை.

"அவள் ஒவ்வொரு முறை பேருந்தில் ஏறும்போதும் ஒரு சின்னச் சத்தம் அவளை..."

இல்லை. நாத்தனார் சொன்ன அந்தப் பெண்ணை நான் பார்த்ததே கிடையாது. பார்க்காதவள் மனசுக்குள் போய்ப் பாய் விரித்து உட்கார எனக்கு என்ன உரிமை?

"ஒரு கொடியவன் இருந்தான். அவன் கண்கள் சிவந்து..."

இதை நாத்தனாரிடம் வாசித்துக் காட்டினேன். "கண்ணெல்லாம் சிவக்கல அண்ணி. இஸ்திரி போட்ட சட்டை. எங்க ஆபீஸ் வரிசையில ஒரு வயசானவரைத் தனக்கு முன்னாடி போகச் சொன்னாரு. என்னை அக்கான்னு கூப்பிட்டாரு. நீங்க சும்மா மீசையை முறுக்கிவிடாதீங்க."

அடித்துவிட்டேன். அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறேன். அங்கே எல்லாம் சுத்தமாக இருக்கும்.

3

நாத்தனாருக்குப் பயண அட்டை அலுவலகத்தில் வேலை, பதிவுகள் பிரிவில். பேருந்து, ரயில், பாலத்துச் சுங்கச்சாவடி எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. எங்கே தட்டினாலும் இடமும் நேரமும் அவள் கணினியில் வந்து விழும். அந்தப் பதிவுகளை மனு எழுதி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எந்த நிறுத்தத்தில் கூட்டம் என்று பார்க்கக் கடை வைப்பவர்கள் கேட்பார்கள், பாடத்துக்காக மாணவர்கள் கேட்பார்கள். கொடுக்கும் முன் பெயர், தொலைபேசி எண், அட்டை எண் எல்லாவற்றையும் நீக்குவது அவள் வேலை. அட்டை எண் இருந்த இடத்தில் வேறொரு எண் போடுவாள். ஓர் ஆளுக்கு ஒரே எண், வருஷம் முழுக்க.

"அப்பதான ஒரு ஆள் எத்தனை தடவை போய் வர்றாருன்னு தெரியும்? அதுக்குத்தான கேக்கறாங்க. மீன் ஆயுற மாதிரி எடுத்துருவேன் அண்ணி. ஒரு செதில் இருக்காது."

பதினோரு வருஷமாக அவளுக்கு அதில் ஒரு பெருமை.

[என்னுடைய பதிவும் அங்கே இருக்குமா என்று கேட்டேன். "இருக்கும். செவ்வாய்க்கிழமை எங்க போறீங்கன்னு நான் கேக்கமாட்டேன், பயப்படாதீங்க" என்றாள். டாக்டரிடம் முழங்காலைக் காட்டத்தான் போகிறேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்கும் தெரிந்துபோயிற்று.]

4

இஸ்திரிச் சட்டைக்காரர் இரண்டு பேருந்துத் தடங்களுக்கு மூன்று மாதப் பட்டியல் கேட்டார். கொடுத்தாள். பத்து நாளில் திரும்பி வந்தார். பட்டியலில் ஒரே ஓர் எண் வருகிற இடத்திலெல்லாம் பென்சில் கோடு. அளவுகோல் வைத்துப் போட்டது.

"இந்த எண்ணுக்கு மட்டும் இந்த மாசத்தோடதும் வேணும்க்கா."

"ஒரு ஆளுக்கு மட்டும்னு தரமாட்டோம்ங்க. எதுக்கு?"

"என் மனைவிக்கா. விட்டுட்டுப் போயிட்டா. கோர்ட்டுல பாத்தேன். அன்னிக்குப் பதினொண்ணே காலுக்கு வாசல் ஸ்டாப்புல பஸ் ஏறினா. அந்த நேரத்துக்கு அங்க ரெண்டே பேர்தான் ஏறியிருக்காங்க. அதுல ஒருத்தர் முதியோர் கார்டு. அப்ப இன்னொண்ணு அவதான?"

நாத்தனார் பட்டியலைப் பார்த்தாள். முதியோர் அட்டை என்ற பத்தியை விட்டுவைத்தது அவள்தான். அது பெயர் இல்லையே.

"காலையில தினம் எங்க ஏறுவான்னு இதுல இருக்கு. ரெண்டு நாள் போய் நின்னேன், வரல. வீடு மாத்திட்டா போல."

"கோர்ட்டுல என்ன சொல்லியிருக்காங்க?"

"கிட்டப் போகக்கூடாதாம். எங்க வீட்டு விஷயம் கோர்ட்டுக்கு என்னக்கா தெரியும்?"

"தர முடியாதுங்க."

"பரவாயில்லக்கா. ஒண்ணாம் தேதி எல்லாருக்கும் தர்ற பட்டியல் வரும்ல? அதையே வாங்கிக்கறேன்." நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

5

மேலாளரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார்.

"பேர் இல்லையேம்மா. விதிப்படிதான குடுத்திருக்க?"

"எண்ணையாவது மாத்திரலாம் சார்."

"மாத்து. அடுத்த கோர்ட் தேதி வராதா? மறுபடி வாசல்ல நின்னு மணி பாப்பான்."

"அப்ப பட்டியலை நிறுத்துங்க."

"அது என் கையில இல்ல. மேல எழுதறேன். மூணு மாசம் ஆகும்."

கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர். இந்தக் கதையில் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான், என்னையும் சேர்த்து.

இனி அந்தப் பெண்ணை எச்சரிப்பது ஒன்றுதான் வழி. அதற்கு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெயரைத் திறந்து பார்க்க வேண்டும். பதினோரு வருஷமாக யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் மூடி வைத்ததை அவளே திறக்க வேண்டும்.

6

இங்கே எனக்கு ஒரு முடிவு தோன்றியது. நாத்தனார் ஒருவரும் பார்க்காதபோது அந்த வரிகளை மட்டும் அழித்துவிடுகிறாள், பட்டியல் போகிறது, அவர் ஏமாந்து...

"வரி குறைஞ்சா மொத்தம் இடிக்கும் அண்ணி. திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. உங்க கதைக்கு வேணா சரியா வரும்."

இன்னொன்றும் எழுதினேன். அவள் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் துணி மடிக்கிறாள். அது அவளுக்குப் பொருந்தவில்லை. கிழித்தேன்.

நடந்தது இது. திறந்தாள். அலுவலகத் தொலைபேசியிலிருந்தே கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்: நான் கொடுத்த பட்டியல், அவர் வந்தது, இதுவரை தட்டியதெல்லாம் ஒன்றாம் தேதி வெளியே போய்விடும், என்னால் நிறுத்த முடியவில்லை. தன் பணியாளர் எண்ணையும் சொல்லி, என் மேல் புகார் எழுதுங்கள் என்றாள்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாயை யாரோ மூடினார்கள்.

"நேத்துத்தான் கடைசிப் பெட்டியைப் பிரிச்சேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு, "நான் இப்ப எங்க ஏறறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. உங்க போன் நம்பர் பாக்கறப்ப அதுவும் வந்துருச்சு."

"அதை மறந்துருவீங்களா?"

"மறந்துர்றேன்மா."

"மறக்கல அண்ணி" என்றாள் நாத்தனார் என்னிடம். "எதை எதையோ மறக்கறேன். அடுப்புல பாலை வெச்சுட்டு மறக்கறேன். அந்த ஸ்டாப் மட்டும் போகமாட்டேங்குது."

7

இப்போது நாத்தனார் மேல் விசாரணை.

"பட்டியல் குடுத்ததுக்கா?"

"சேச்சே. அது விதிப்படி. போன் பண்ணதுக்கு." சிரித்தாள். நானும் இருமல் வரும்வரை சிரித்தேன்.

[நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொன்றே கால் என்றேனே, அது பதினொன்றே கால் இல்லை. முதியோர் அட்டையும் இல்லை, வேறு ஏதோ. இரண்டு தடமா ஒன்றா என்பதையும் நம்பாதீர்கள். குழாய்ச் சத்தம் மட்டும் நிஜம். அது எந்த வீட்டிலும் கேட்கும்.]

8

ஒன்றாம் தேதி அவர் வந்து பட்டியலை வாங்கிப் போனார். நாத்தனார் கூப்பிட்ட நாளுக்குப் பிறகு அந்த எண் அதில் எங்கேயும் இல்லை. அவரும் திரும்பி வரவில்லை.

"தேடறதை விட்டுட்டதால வரலையா அண்ணி, இல்ல கண்டுபிடிச்சுட்டதால வரலையா?"

எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். அவள் பார்க்கமாட்டாள். நானும் கேட்கமாட்டேன்.

ஆகவே கண்ணுகளா, ஒன்றாம் தேதிக்கு முன்னால் இருந்த அந்த ஆறு நாளை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள். தாழ்ப்பாள் நன்றாக விழ வேண்டும், ஜன்னல் தெருவைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்க யாராவது கூடமாட இருங்கள். எந்தத் தெரு என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நான் கதை சொல்கிறவள், என் வாய் நிற்காது.

போய் வாருங்கள். உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். உங்கள் கதவைத் தட்டுகிறவர் என்றும் நீங்கள் வரச் சொன்னவராகவே இருக்கட்டும். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று யாராவது கேட்டால், அவர் உங்களுக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் கேட்பவராக இருக்கட்டும்.