பக்கத்து வீட்டு வஜ்ஜிரம்

கற்பூரம் அணைத்துச் சத்தியம். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடுகளவு கூட்டிச் சொன்னதாக யாராவது நிரூபித்தால் நாக்கை அறுத்துக் கொடுக்கலாம்.

வடமாலபேட்டையில் சென்னை ரோட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் ரங்கன், ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். அவருடைய மாடி வீடு காலியாகக் கிடந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடிவர மாட்டார்கள். அதற்குள் ஆள் பிடித்தாக வேண்டும். அதற்கு எமனாக வந்தது பக்கத்து வீட்டு ஜெயபிரகாஷின் பட்டறை.

ஸ்ரீசிட்டி ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஜெயபிரகாஷ், கார் ஷெட்டில் ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் வாங்கி மாட்டி, லீவு நாளில் ஸ்டூல் செய்வான். சத்தத்தைக்கூட ரங்கன் பொறுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தால், அடுப்பில் டப்பா ஒன்று கொழகொழவென்று கொதிக்கிறது. சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாத்தப்பா காய்ச்சிக்கினு கீற? செத்த எருமையையா?"

"வஜ்ஜிரம்ண்ணா. ஆட்டுத்தோலு போட்டுக் காய்ச்சற பசை. ஸ்டூல் காலு ஒட்டறதுக்கு."

"கடையில பசை கெடைக்கலயா?"

"அது ஒட்டுனா பிரியாதுண்ணா. இதுல சுடுதண்ணி ஊத்துனா கழண்டுக்கும்."

"கழட்டறதுக்கு இன்னாத்துக்குப்பா ஒட்டற?"

அன்றிலிருந்து ரங்கன் மூக்கில் துண்டு கட்டியே நடமாடினார். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். ஈக்கள் கூட்டமாக வந்து டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, 'சீ' என்று திரும்பிப் போயின. தெரு நாய்கள் குடும்பத்தோடு புத்தூருக்குக் குடிபெயர்ந்தன. எதிர்வீட்டு ரத்னம்மாவின் துளசி ஒரே ராத்திரியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. ரோட்டில் பஸ் நின்றாலும் டிரைவர் கதவைத் திறக்கவில்லை. ரங்கனுக்கு ரசத்தில் தோல் வாடை, மோரில் குளம்பு வாடை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்வார்.

"த்தூ! இத மனுசன் துன்னுவானா?"

"நல்லாத்தான் கீது. சும்மா துன்னுய்யா," என்பாள் மனைவி கமலம்மா.

வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பமும் திரும்பிப் போயின.

"நாத்தம் தாங்காம ஓடிட்டானுங்க பாத்தியா?"

"மாடிக்குத் தண்ணி ஏறலன்னு போனாங்க. மொதல்ல மோட்டாரப் பாரு."

வேண்டாவெறுப்பாக மோட்டாரைச் சரி செய்தார். ஆடிக்கு முந்தின ஞாயிறு, திருத்தணியிலிருந்து மோகனப்ரியா வந்தாள். திருப்பதியில் புதுசாக வேலை கிடைத்த பெண். அன்று பார்த்து அந்தப் பாழாய்ப்போன டப்பா மறுபடி கொதிக்கிறது. ரங்கன் ஒரு பாக்கெட் ஊதுவத்தியை மொத்தமாகக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியேறினார். அவள் ஜன்னலைத் திறந்தாள். ரங்கனுக்கு உயிரே போயிற்று. அவள் மூச்சை நன்றாக இழுத்தாள்.

"ஊதுவத்திய அணைச்சிடுங்கய்யா, கண்ணு எரியுது."

"வேற... வேற ஒண்ணும் தெரியலயாம்மா?"

"புதுசா இழைச்ச மரத்து வாசம் வருது. நல்லாத்தான் கீது. குழாயில தண்ணி வருதில்ல? அப்ப நாளைக்கே வந்துடறேன்."

வீடு வாடகைக்குப் போய்விட்டது. ஆனாலும் ரங்கனுக்குச் சந்தோஷம் இல்லை. அவள் போனபின் மூக்குத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கமலம்மாவிடம் சொன்னார்:

"பாவம்டி. சின்ன வயசு. மூக்கு வேலை செய்யல."

கொரோனா வந்து போனதிலிருந்து ரங்கனுக்கு எந்த வாசனையும் தெரியாது.