குளிப்பது மறுப்பாகுமா?

விடுமுறை வாரத்தின் மூன்றாவது நாளும் அவர் சமையலறை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது ஜன்னல் திட்டில் மட்டும்தான். திட்டின் மேல் போன். ஆணியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காலடியில் பூட்டிய பெட்டி. அழைப்பு வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் விமான நிலையத்தில் போய் நிற்கலாம். அழைக்கத்தான் ஆளில்லை.

"அடை காக்கற கோழிகூட நடுவுல எழுந்து ஒரு சுத்து சுத்திட்டு வரும்" என்றாள் மனைவி, கூடத்து நாற்காலியிலிருந்து.

"கோழிக்கு லிஸ்ட் கிடையாதும்மா."

விமானிகள் எல்லோரும் அவரைப் புதுமாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் வேறொரு கம்பெனியில் கேப்டனாக ஓட்டியவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கம்பெனி மூடிவிட்டது. இந்தத் தொழிலில் பழைய அனுபவம் கூடவே வரும், பழைய வரிசை வராது. புதுக் கம்பெனியில் துணை விமானியாக, கடைசி ஆளாகச் சேர்ந்தார். பதினாலு மாதத்தில் ஒரே ஒருவரைத் தாண்டியிருந்தார். நூற்று நாற்பத்து நான்கு பேர் பட்டியலில் அவர் நூற்று நாற்பத்து மூன்று. அவருக்குக் கீழே இருந்தவனுக்கு இன்னும் மீசை ஒழுங்காக முளைக்கவில்லை.

யாராவது உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டால் அந்தப் பயணம் ஓய்விலிருக்கும் ஒருவருக்குப் போகும். அதற்கு இரட்டைச் சம்பளம். பட்டியல் வரிசைப்படி அலுவலகம் அழைக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லப் பத்து நிமிடம் தர வேண்டும் என்பது விதி. சாதாரண நாட்களில் மேலே உள்ள இருபது பேரே எல்லாவற்றையும் வாரிக்கொள்வார்கள். அவர்கள் குடும்பத்தோடு ஊர்சுற்றப் போகும் விடுமுறை வாரத்தில்தான் அடிவரைக்கும் ஏதாவது சொட்டும்.

அது சொட்டினால்தான் மனைவிக்கு இடுப்பு எலும்பு மாற்ற முடியும். இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் ஒரு வருடமாகப் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். குடும்பத்துக்கு வைத்தியச் செலவு தர இரண்டு வருட சர்வீஸ் வேண்டும் என்றது கம்பெனி. சேமிப்பில் குறைகிற தொகை நாலு நாள் இரட்டைச் சம்பளப் பயணம் ஒன்றுக்குச் சரியாக இருந்தது.

"ஏங்க, இன்னியோட மூணு நாள். விமானம் ஓட்டக் கூப்பிட்டாலும் பக்கத்து சீட்டுக்காரர் கதவைத் திறந்துட்டுக் குதிச்சிடுவாரு. போய்க் குளிங்க."

"அந்த நேரம் பாத்து வந்துட்டா?"

"நான் எதுக்கு இருக்கேன்? மூணு நாளா வராதது ஆறு நிமிஷத்துலயா வந்துடப் போகுது?"

ஐந்தாவது குவளைத் தண்ணீர் ஊற்றி, சோப்பைக் கையில் எடுத்தபோது வந்துவிட்டது.

அவள் கூடத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள் மணி பதினோரு தடவை அடித்தது. "குளிச்சிட்டு இருக்காருங்க. இதோ ரெண்டு நிமிஷத்துல வந்துடுவாரு. வைக்காதீங்க, வைக்காதீங்க" என்றாள். மறுமுனை வைத்துவிட்டது.

நான்காவது நிமிடத்தில், காதோரம் நுரை வழிய, இடுப்புத் துண்டோடு அவர் திருப்பிக் கூப்பிட்டார். பயணம் நூற்று நாற்பத்து நாலுக்குப் போயாகிவிட்டது. அவர் பெயருக்கு எதிரே, "வீட்டார் மூலம் மறுப்பு" என்று எழுதியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள், "நான் எங்கே மறுத்தேன்? வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா?" என்று கேட்டாள்.

"சொல்லலை."

"அப்ப புகார் எழுதுங்க. நான் வந்து சொல்றேன்."

புகாரை விமானிகள் சங்கத்துக் கேப்டன் நடத்தினார். பட்டியலில் அவர் ஒன்பதாவது. "வழக்கு நம்ம பக்கம் நல்லா வலுவா இருக்கு, புதுமாப்பிள்ளை. ஆனா ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேணாம். விதியை நோண்டினா எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்றார். எல்லாரும் என்று சொன்னபோது தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

விசாரணை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். லிஃப்ட்டில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. மனைவி ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படிக்குப் போனாள். அவர்கள் உள்ளே நுழைந்தபோது, விசாரிக்க உட்கார்ந்திருந்த மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"பத்து நிமிஷம் தாண்டிடுச்சா? என் பேருக்கு எதிர்லயும் மறுப்புன்னு எழுதிடாதீங்க சார்."

அழைப்புப் பிரிவில் இருந்தவருக்கு லிஸ்ட்காரர் என்று பெயர். ஒரு தோளால் ஒரு போனைக் காதில் இடுக்கிக்கொண்டே பல வருடம் வேலை பார்த்ததில் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. அவரை முதலில் கேட்டார்கள்.

"ஐயா, அன்னிக்கு நான் ஒரே ஆளு. நூத்தி நாப்பத்து ரெண்டு பேருக்கு அடிச்சேன். ஒருத்தர் மலை மேல இருக்கேன்னாரு. ஒருத்தர் தண்ணிக்குள்ள இருக்கேன்னாரு. ஒரு வீட்டுல மூணு வயசுக் குழந்தை எடுத்துப் பாட்டுப் பாடிச்சு, முழுசாக் கேட்டேன். ஆளுக்குப் பத்து நிமிஷம்னு உக்காந்தா ஒரு நாள் முழுக்க ஆகும். விமானம் லேட்டானா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

"சரி. இந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"குளிக்கிறாருன்னாங்க."

மேனேஜர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். "குளிப்பது மறுப்பாகுமா என்று இதில் இல்லை. அம்மா, உங்க கணவர் குளிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆறு நிமிஷம்."

"எப்படி அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"இருபத்தெட்டு வருஷமா வெளியில நிக்கிறேன் சார். மொத்தம் பன்னெண்டு குவளை. அஞ்சு ஊத்திட்டு சோப்பு. அப்புறம் ஏழு. போன் வந்தப்போ அஞ்சு முடிஞ்சு சத்தம் நின்னிருந்துச்சு."

"அப்போ சோப்பு கட்டம்."

"ஆமா. சோப்புக்கு ஒரு நிமிஷம். ஏழு குவளைக்கு ரெண்டு. துடைக்க ஒண்ணு. ஆனா அன்னிக்கு அவரு துடைக்கவே இல்லை. தரையெல்லாம் நான்தான் துடைச்சேன்."

சங்கத்துக் கேப்டன் இருமி சிரிப்பை மறைத்தார். புதுமாப்பிள்ளை மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் முந்நூறு பேரை மேகத்துக்கு மேலே சுமந்தவருடைய சோப்பு கட்டத்தை ஒரு தட்டச்சுக்காரி வரி விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒண்ணு" என்றார் மேனேஜர். "அவர் வர மாட்டார்னு நீங்க நினைச்சீங்களா?"

"அவரா? அவரு அப்படியே துண்டோட விமானத்துக்கு ஓடிடுவாரோன்னுதான் சார் பயந்தேன்."

மூன்று வாரம் கழித்து தீர்ப்பு வந்தது. குளிப்பது மறுப்பாகாது. புகார்தாரருக்கு நாலு நாள் இரட்டைச் சம்பளப் பயணம் ஒன்று, பட்டியல் வரிசையை மீறித் தரப்படும். பயணத் தேதியை நிர்வாகம் தேர்ந்தெடுக்கும். அதை ஏற்காவிட்டால் புகார் முடிந்ததாகக் கருதப்படும்.

லிஸ்ட்காரர் அந்தத் தீர்ப்போடு இன்னொரு கடிதத்தையும் தட்டச்சு செய்து, அங்குமிங்கும் ஓடிக் கையெழுத்து வாங்கி வந்தார். பயணம் முடிந்ததும் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் என்று அதில் இருந்தது. பணம் பின்னால் வந்தாலும் சரி என்று ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டது. எலும்பு டாக்டர் வெளியூர்க்காரர். பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு, நாலாவது மாடியில் அறுவை என்று நாள் கொடுத்தார்கள்; விட்டால் ஏழு மாதம் கழித்துத்தான்.

அன்று இரவு அவள் சாப்பாட்டோடு ஒரு இனிப்பு செய்தாள். மறுநாள் லிஸ்ட்காரர் கூப்பிட்டார்.

"சார், பயணத் தேதி போட்டுட்டாங்க. பதினாலு."

அவர் ஜன்னல் திட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா?"

"ரெண்டு தடவை கேட்டுட்டேன் சார். 'அப்போ மறுப்புன்னு எழுதட்டுமா'ன்னு மேனேஜர் கேக்கறாரு."

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "போங்க. நீங்க கூட இருந்து என்ன பண்ணப் போறீங்க? கத்தியை வாங்கி நீங்களா அறுக்கப் போறீங்க?"

"கையெழுத்துப் போட ஆள் வேணுமாமே."

"நானே போட்டுக்கறேன். கல்யாணத்துக்கே உங்களுக்கு முன்னாடி நான்தானே போட்டேன்."

பதினாலாம் தேதி காலையில் அவளை வெளிர்மஞ்சள் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிட்டு, அதே டாக்சியில் அவர் விமான நிலையம் போனார். கேப்டனுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பதே காலுக்குப் பயணிகள் எல்லோரும் ஏறிக் கதவையும் மூடியாகிவிட்டது. இறங்க வேண்டிய ஊரில் பெருமழை. மறு உத்தரவு வரும்வரை இருக்கும் இடத்திலேயே நிற்கச் சொன்னார்கள். கதவு மூடிய பிறகு யாரும் இறங்கக் கூடாது.

பத்து மணி ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. கேப்டன் காலை நீட்டிக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டான்.

"என்ன சார், அந்தப் பக்கமே பாத்துட்டு இருக்கீங்க?"

ஓடுபாதை வேலிக்கு அப்பால், சாலையைத் தாண்டி, ஒரு வெளிர்மஞ்சள் கட்டடம் தெரிந்தது.

"அது எவ்வளவு தூரம் இருக்கும்?"

கேப்டன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். ஏன், நம்ம பறக்கறதுக்கு இடைஞ்சலா?"

"இல்லை" என்றார் அவர். "இடைஞ்சல் இல்லை."

பெல்ட்டை மாட்டியபடியே அவர் மாடிகளைக் கீழிருந்து எண்ணத் தொடங்கினார். நாலாவது மாடியில் வரிசையாகப் பத்து ஜன்னல்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பச்சைத் திரை இழுத்து விட்டிருந்தது.