கேப்டன் இதோவந்துட்டேன்

காஸிக் மஸூர் என்ற ஓவியனைப் புதைத்த மறுநாள் காலையில், அவன் படக்கதைப் புத்தகங்களில் வரைந்துவந்த கேப்டன் இதோவந்துட்டேன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அமெரிக்காவில், பஃபலோ நகரின் போலந்துக்காரர் தெருக்களில் அப்போது நல்ல பனி. மஞ்சள் உடுப்பு, சிவப்பு மேலங்கி, தொப்பை, கன்னமெல்லாம் அச்சுப் புள்ளி. கேப்டன் ரயிலைத் தூக்குவார், மதிலை உடைப்பார்; ஆனால் எந்த ஆபத்துக்கும் அது முடிந்த பிறகுதான் போய்ச் சேருவார். திருடன் பிடிபட்டு, நெருப்பு அணைந்து, ஊர் கலைந்ததும் சுவரை உடைத்துக்கொண்டு வந்து நிற்பார். அதற்குத்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவருக்கு நெஞ்சடைச்சப்பவே கெளம்பிட்டேம்மா," என்றார்.

"கெளம்பிக் கிழிச்ச," என்றாள் காஸிக்கின் மனைவி ப்ரோனியா. "காலத் தொடச்சிட்டு உள்ள வா."

பக்கத்து வீட்டு லாட்டி வேலியோரம் வந்து நின்றாள். "ஏன்டி, புருஷன் போயி மண்ணு காயல. யாருடி அந்த மஞ்சச் சட்ட?"

"அவரு வரஞ்சதுதான்."

"அப்படியா? நான் என்னமோன்னு நெனச்சேன்," என்று போன லாட்டி, மதியமே தன் இரும்பு அடுப்பை நகர்த்தித்தரக் கேட்டு வந்தாள்.

கேப்டன் அங்கேயே தங்கிவிட்டார். முட்டைக்கோஸ் நறுக்கினார், கரி அள்ளினார். மழையில் மட்டும் வெளியே போகமாட்டார், சாயம் போய்விடும். இப்படியே சில வருஷம் போனது. பிறகு ப்ரோனியாவின் ஒரே மகன் எட்வினைக் கொரியாவில் நடந்த போருக்குக் கூட்டிப்போனார்கள். அன்றுமுதல் அவள் கேப்டனின் பூட்சை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள்.

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். ப்ரோனியா ஓடிவந்தாள். மேலங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போகாதடா. நீ போய்ச் சேந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். இங்கயே இரு."

"எனக்கும் போகப் பிடிக்கலம்மா. காலு நிக்கமாட்டேங்குது."

சமையலறைச் சுவரை உடைத்துக்கொண்டு வெறுங்காலோடு பறந்தார். கிழிந்த துணி அவள் கையில் நின்றது. ஓட்டைக்குத் தார்ப்பாய் கட்டினாள்.

ராணுவத்தார் வந்து, எட்வின் ஒரு மலைச்சரிவில் செத்துப்போனான், உடலைத் தேடினோம், கிடைக்கவில்லை என்று தொப்பியைக் கழற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெறும் சவப்பெட்டிக்குப் பூசை நடந்தது. போரும் முடிந்தது. மக்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள்.

கேப்டன் ஒரு மழைநாளில் திரும்பினார். சாயமெல்லாம் வழிந்து முகம் வெறும் காகிதமாக இருந்தது. கைகளில் எட்வின் கிடந்தான், போன வயசு மாறாமல், முடியில் இன்னும் உறைபனியோடு.

"எல்லாரும் தேடுறத விட்டப்புறந்தாம்மா போய்ச் சேந்தேன்."

ப்ரோனியா மகனுடைய முடியை ஒதுக்கிவிட்டாள். வெகுநேரம் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். "வேற யாரும் போகலியே," என்றாள்.

பாதிரியார் மறுபடி பூசை வைத்தார். அடக்கத்துக்குக் கேப்டனும் எல்லாரோடும்தான் புறப்பட்டார். ஆனாலும் மண் தள்ளி, கூட்டம் கலைந்து, குழிவெட்டிகளும் போன பிறகுதான் கல்லறைக்கு வந்து சேர்ந்தார். ப்ரோனியா மட்டும் தூறலில் ஈர மண்ணருகே குடையோடு காத்திருந்தாள். அவர் வந்ததும் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.