இரண்டு பாங்கா நோட்டு

எசேத்தாவின் தோளுக்கும் கைகளுக்கும் நானேதான் தேங்காய் எண்ணெய் பூசினேன். அவள் அப்பாவின் அக்கா நான் இருக்கும்போது வேறு யார் கை படலாம்? எங்கள் தீவில் அத்தைக்கு மேல் ஆள் கிடையாது. அவள் ஆடும்போது ஊரார் வந்து உடம்பில் ஒட்டும் நோட்டுகள் நிற்க வேண்டுமே என்று வழிய வழியப் பூசினேன்.

"யாராவது வருவாங்களா அத்தை?"

"ஏன்டி வராம? நீ முழங்காலச் சேத்து வச்சு ஒழுங்கா ஆடு."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆக்லாந்தில் பிறந்தவள். அம்மா வெள்ளைக்காரி. அவள் அப்பா, என் தம்பி மனாசே, அவளை இங்கே கூட்டிவந்ததிலிருந்து, ஞாயிறு தவறாமல் தேவாலய வாசலில் பவுலியாசி அவள் காதில் விழும்படி கேட்பார், "இது யார் வீட்டுப் பொண்ணு?" ஊர்த் தலைவருக்காகச் சபையில் பேசுகிற பெரியவர் அவர். தெரியாமலா கேட்கிறார்? கிழவனுக்குக் கொழுப்பு. ஆனால் அவர் எழுந்து வந்து ஒரு நோட்டை ஒட்டிவிட்டால் போதும், அதன் பிறகு அவள் இந்த ஊர்க்காரி. யாரும் வாய் திறக்க முடியாது. அதற்காகத்தான் பிள்ளை மாதக்கணக்கில் ஆடிப் பழகினாள்.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பணம் திரட்டுகிற விழா. கடைக்கார லிசியாடே மேடையோரம் பலகையில் பணம் அனுப்ப வேண்டிய போன் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருந்தான். பாங்காதான் எங்கள் பணம், ஆனால் இப்போது எங்கள் ஊரில் நோட்டை யார் தொடுகிறார்கள்? மீன் விற்பதும் போனில், காணிக்கையும் போனில். அது வசதி என்று நானும்தான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

பாட்டு தொடங்கியது. எசேத்தா ஆடினாள். என் பிள்ளை என்று சொல்லவில்லை, அந்தக் கைகள் தண்ணீரில் போவது போலப் போயின. நாற்காலிகளில் டிங், டிங் என்று போன்கள் ஒலித்தன.

லிசியாடே மைக்கில் கத்தினான். "தொட்டிக்கு வந்தாச்சு! குழாய்க்கும் சேத்து வந்தாச்சு!"

ஒரே கைதட்டல். ஆனால் ஒருவரும் எழவில்லை. கொடுத்தாகிவிட்டதே, எதற்கு எழ வேண்டும்? யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வெறும் மறதி. எசேத்தா பளபளக்கும் வெறுந்தோளோடு தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். சிரித்த முகம்தான், ஆனால் கண் நாற்காலிகளையே சுற்றியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து அவள் பின்னால் போய்க் கோமாளி ஆட்டம் போட்டேன். சொந்தக்காரர்கள் கோணல்மாணலாக ஆடினால்தான் ஆடுகிறவளின் அழகு எடுப்பாகத் தெரியும். வியர்வை துடைக்கக் கைப்பைக்குள் துழாவியபோது, துவைத்து வெளுத்த ஒரு பழைய இரண்டு பாங்கா நோட்டு வந்தது. எப்போது வைத்தேனோ தெரியாது. அதை அவள் தோளில் அறைந்து ஒட்டினேன்.

"என்ன அத்தை, ரெண்டு பாங்காதானா?" லிசியாடே மைக்கிலேயே கேட்டான். "அதுக்கு என் கடையில ஒரு பன்னுகூடக் கிடைக்காதே!"

"மைக்கை வச்சுட்டு எந்திரிச்சு வாடா, பன்னு மூஞ்சி!"

சபை குலுங்கியது. நான் பூசிய எண்ணெய் அதிகம் போலிருக்கிறது, நோட்டு வழுக்கி விழுந்தது. லிசியாடே ஓடிவந்து எடுத்து என்னிடம் நீட்டினான்.

"எங்கிட்ட ஏன் நீட்டுற? அவ தோளு உன் கண்ணுக்குத் தெரியலயா?"

ஒட்டினான். உடனே அவன் மனைவி எழுந்து வந்தாள். "ஏன், எனக்குக் கையில்லையா?" நோட்டை உரித்து மறு தோளில் ஒட்டி, எசேத்தாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். பின்னால் இன்னொருத்தி நின்றாள். அவள் பின்னால் படகுக்காரர்கள், பாடகர் குழு. வாத்தியக்காரர்கள் அதே பாட்டை மறுபடி மறுபடி வாசித்தார்கள். தொட்டிக்குப் பணம் கொட்டியபோது அசையாத ஊர், பன்னு வாங்கக்கூடக் காணாத ஒரு நோட்டுக்காக வரிசையில் நின்றது. உடம்பெல்லாம் நோட்டாக ஆடியவர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆடுவதை மறந்து நின்றுவிட்டேன்.

இத்தனை கை பட்டால் தாள் என்ன ஆகும்? நடுவில் கிழிந்தது.

"போச்சு! இனிமே செல்லாது!" என்றான் லிசியாடே.

யாரும் காதில் வாங்கவில்லை. துண்டு இரண்டானதால் வரிசையும் இரண்டானது.

பவுலியாசி மட்டும் முன் வரிசையில் கைத்தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வரிசையில் வந்த யாரோ ஒருத்தி, ஒரு துண்டை உரித்துக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்தார். வரிசை விலகி வழிவிட்டது. எசேத்தா ஆட்டத்தை நிறுத்தவில்லை.

கிழவர் குள்ளம், அவளோ நெடுநெடுவென்று வளர்ந்தவள். கையை உயர்த்திப் பார்த்தார், தோள் எட்டவில்லை.

"மனாசே மகளே," என்றார். "கொஞ்சம் குனிம்மா."