பொன்னுருக்குக்கு முதல்

அக்காவின் தாலிக்குத் தங்கம் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்குக்கு இன்னும் நாற்பத்தொரு மணித்தியாலம் இருந்தது. ஆர்த்திகா பழைய மொன்றியலின் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை இல்லை. அந்த வானவில் நிறக் குடைதான் அவளுடைய சுற்றுலாக் குழுவுக்கு அடையாளம்.

ஆண் சோடிகளாகவும் பெண் சோடிகளாகவும் வருகிற பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. வெளிச்சம் இருக்கும்வரை கல் பாவிய தெருக்கள், ஆற்றங்கரை. பிறகு மெத்ரோ பிடித்து, இப்படியான சோடிகள் கூடுகிற 'வில்லாஜ்' பகுதிக்குப் போய்ச் சாப்பாடு, பாட்டு, ஆட்டம். வீட்டில் "ரூரிஸ்ற்றுகளுக்கு இடம் காட்டுறன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

புறப்படுமுன் எல்லோருக்கும் கைப்பட்டி கொடுப்பாள். பச்சை கட்டியவரைப் படம் எடுக்கலாம், சிவப்புக் கட்டியவரை எடுக்கக்கூடாது. இங்கே கைகோத்து நடக்கிற சிலரால் தங்கள் ஊரில் அப்படி நடக்க முடியாது. யார் வந்தார்கள் என்பது இந்தத் தெருவோடு நின்றுவிட வேண்டும் என்று முதலாளி றோசா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கடைசியாக ஒரு கை சிவப்புப் பட்டிக்கு நீண்டது. ஆர்த்திகா நிமிர்ந்து பார்த்தாள். பிருந்தன். அக்கா நிரோஜாவைக் கட்டப்போகிற மாப்பிள்ளை. அவனுடைய மற்றக் கையை இன்னொருவன் பிடித்திருந்தான்.

"நீர்... நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?" என்றான் பிருந்தன்.

"நான் இஞ்சதான் வேலை செய்யிறன், அத்தான். நீங்கள்?"

பக்கத்தில் நின்றவன்தான் பதில் சொன்னான். "நான் நிஷான். நாளைக்கு ரொறன்ரோவுக்குப் போயிடுவன். இது எங்கட கடைசிப் பயணம். நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவரை ஏசாதேங்கோ."

குழு காத்துக்கொண்டிருந்தது. ஆர்த்திகா குடையை உயர்த்தினாள். எந்தத் தெருவில் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரே கட்டடத்துக்கு இரண்டு தரம் வேறு வேறு ஆண்டு சொன்னாள். ஒருவர் சிரித்துத் திருத்தினார்.

சதுக்கத்தில் ஒருவர் அக்கோர்டியன் வாசித்தார். பிரான்சின் லியோனிலிருந்து வந்த இரண்டு நரைத்த தலைக்காரர் ஆடத் தொடங்கினார்கள். நிஷான் பிருந்தனையும் இழுத்தான். பிருந்தன் தடுமாறி அவன் காலை மிதித்துவிட்டுச் சிரித்தான். பெண் பார்க்க வந்த நாள் தங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டு சோபாவில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்த ஆள் இவன்தானா? அங்கே அவன் உதட்டால் மட்டுமே சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வராததை நினைத்துத்தான் கோபம் வந்தது.

ஆற்றங்கரையில் குழு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் அவளிடம் வந்தான்.

"ஆர்த்தி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்."

"நான் சொல்லமாட்டன். அது என்ர வேலைக்கு விரோதம். ஆனா நீங்கள் அக்காவுக்குச் சொல்லவேணும்."

"எப்பிடி?"

"எப்பிடியெண்டு என்னைக் கேக்கிறியளே? சனிக்கிழமை பொன்னுருக்கு. பொன் உருக்கினாப் பிறகு மணவறைக்கு வரும்வரைக்கும் ரெண்டு பேரும் முகம் பாக்கவும் கதைக்கவும் ஏலாது. அக்காவுக்கு எப்ப சொல்லப் போறியள், தாலி கட்டேக்கையோ?"

"அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை."

"அம்மாவுக்குத் தெரியாதோ?"

அவன் ஆற்றைப் பார்த்தான். தெரியாதென்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். இதைக் கேட்டால் அந்த மனுசி என்ன ஆகும் என்று நினைத்ததும் அவளுக்கு மேலும் குழம்பியது.

"நாளைக்கு நிரோஜாவோட கதைக்கிறன்," என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை முழுதும் அவன் கதைக்கவில்லை. நிரோஜா கண்ணாடிக்கு முன்னால் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"அக்கா, உனக்கு அவரை நல்லாப் பிடிச்சிருக்கோ?"

"இதென்ன கேள்வி, கலியாணத்துக்கு ஹோலும் எடுத்தாப் பிறகு? பிடிச்சிருக்கு. அமைதியான ஆள். இந்தக் காலத்துப் பெடியள் மாதிரியில்லை, கையைக்கூடப் பிடிக்கிறேல்லை. மரியாதை தெரிஞ்சவர்." நிரோஜா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஆர்த்திகா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். சொன்னால் வேலையில் தற்செயலாகக் கண்ட ஒருவனின் ரகசியத்தைத் தெருவில் போடுவது. சொல்லாவிட்டால் அக்காவைத் தெரிந்துகொண்டே குழிக்குள் இறக்குவது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஆளை மிதிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, மணப்பெண் போகக்கூடாத சடங்கென்பதால் அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, அப்பா இரவிச்சந்திரனும் அவளும் செயின்ட்-மிஷேலில் இருக்கிற பிருந்தனின் மாமா வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு. நகை செய்யும் பத்தர் பாயில் இருந்தார். சிறிய மூசைக்குள் தங்கக் காசைப் போட்டு உருக்கவேண்டும், அவ்வளவுதான். பிருந்தனின் தாய் இந்திராதேவி பட்டுச் சேலையில் ஓடித் திரிந்தார்.

"நேரமாகுது தம்பி, காசைக் குடு."

பிருந்தன் வெற்றிலைத் தட்டிலிருந்து காசை எடுத்தான். பத்தரிடம் நீட்டவில்லை. அவன் ஆர்த்திகாவைப் பார்த்தான். அவள் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தொலைபேசியை எடுத்து அழுத்தினாள். மறுபக்கம் நிரோஜா எடுத்தாள்.

"அத்தான், அக்கா லைனில நிக்கிறா. உருக்கினாப் பிறகு கதைக்கேலாது. கதைக்கிறதெண்டா இப்ப கதையுங்கோ."

"இதென்ன புதுப் பழக்கம்!" என்றார் இந்திராதேவி. "போனை வையும் பிள்ளை."

பிருந்தன் தொலைபேசியை வாங்கினான். மற்றக் கைக்குள் காசு இருந்தது.

"நிரோஜா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்களைக் கட்டேலாது. உங்களில ஒரு பிழையும் இல்லை. நான் ஆம்பிளையளைத்தான் விரும்புறனான். நானும் நிஷான் எண்டவரும் நாலு வருசமா ஒண்டா இருக்கிறம்."

பத்தர் தீயை அணைத்தார். பிருந்தன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் தொலைபேசியை இரவிச்சந்திரனிடம் நீட்டினான். "ஓம் பிள்ளை... ஓம்... நான் வாறன்," என்றார் அவர்.

ஆர்த்திகா தண்ணீர்க் கோப்பையோடு இந்திராதேவியிடம் ஓடினாள். மயங்கி விழுவார் என்று நினைத்தாள். இந்திராதேவி விழவில்லை. அழவுமில்லை. மகனை முறைத்தார்.

"இண்டைக்கோ சொல்லுறது? இத்தனை சனத்துக்கு முன்னாலயோ?"

பிறகு பத்தரிடம் திரும்பினார். "நீங்கள் உருக்குங்கோ. இதெல்லாம் ஒரு வயசுக் குழப்பம். ஒரு பொம்பிளை வீட்டுக்குள்ள வந்தா தானாச் சரிவரும்."

இரவிச்சந்திரன் துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டுகிறவர். அதிகம் கதைக்காதவர். அவர் எழுந்து போய்ப் பிருந்தனின் கையை விரித்துக் காசை எடுத்து வெற்றிலைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"இந்திராக்கா, இந்தப் பெடியன் சொல்லுறது எனக்கு முழுக்க விளங்கேல்லை. விளங்க நாள் எடுக்கும். ஆனா ஒண்டு விளங்குது. என்ர பிள்ளை மருந்தில்லை. ஊருக்குப் பயந்து ஒரு பிள்ளையின்ர உண்மையை மூட இன்னொரு பிள்ளையின்ர வாழ்க்கையைப் போர்வையாக்கிறது ரெண்டு பேருக்கும் செய்யிற அநியாயம். அதுக்குப் பேர் கலியாணமில்லை."

பிருந்தன் நிலத்தில் குந்தியிருந்து முகத்தை மூடிக்கொண்டான். இரவிச்சந்திரன் அவன் தலையைத் தொடவா வேண்டாமா என்று தெரியாமல் கையை அரைவாசியில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டை மட்டும் சொல்லுங்கோ அக்கா. உங்களுக்கு இது எப்பவிருந்து தெரியும்?"

இந்திராதேவி பாயின் ஓரத்தில் மெல்ல இருந்தார். மகனைப் பார்த்தார்.

"பத்து வருசம்," என்றார். "என்ர மடியில படுத்துக்கொண்டு அவனே சொன்னவன். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு அவன்ர வாயைப் பொத்தினது நான்தான்."