மூன்றாவது வட்டம்

நிலம் நடுங்கியது காலை பதினொன்றே காலுக்கு. பதினொன்று இருபத்தாறுக்கெல்லாம் அவள் இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டாள். மேற்குப் பள்ளத்தாக்கு, வலிமை ஐந்து புள்ளி இரண்டு. இருபத்திரண்டு வருட வேலையில் இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு முடிந்ததே இல்லை. மீட்பு வண்டிகள் மேற்கே பறந்தன. அங்கே போய்ப் பார்த்தால் நாலு ஓடு சரிந்திருந்தது, அவ்வளவுதான். ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடிந்தது கிழக்குப் பள்ளத்தாக்கு. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். கைபேசிக் கோபுரம் முதல் குலுக்கலிலேயே படுத்துவிட்டது, பாலமும் போயிற்று. மறுநாள் காலையில் ஒருவன் மலையேறி இறங்கி வந்து சொன்ன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்து இடிபாட்டுக்குள்ளிருந்து சாயங்காலம் வரை ஒரு பெண்ணின் குரல் கேட்டதாம். வெறும் கையால் கல்லைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு கேட்கவில்லையாம்.

இதை இயக்குநர் அவளிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. மூன்று நாளில் காரணம் வேண்டும் என்றார். அவர் வாசற்படி தாண்டியதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். ஐயோ, அந்தக் குரல் என் கணக்கால் அடங்கியதா? அவளுக்கு வேண்டியது அந்த ஒரு கேள்விக்குப் பதில். வேலை போனால் போகட்டும்.

அலுவலகத்தில் அவளுக்கு 'எட்டாம் வாய்ப்பாடு' என்று பட்டப்பெயர். காரணம் இருக்கிறது. பூமிக்குள் எங்கே உடைந்தாலும் அங்கிருந்து இரண்டு அலைகள் ஒன்றாகத்தான் கிளம்பும். ஒன்று வேகக்காரி, முதலில் வந்து தட்டுவாள். இன்னொருத்தி மந்தம், பின்னால் வந்து உலுக்குவாள். இருவருக்கும் நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து எட்டால் பெருக்கினால், உத்தேசமாக அத்தனை கிலோமீட்டர் தூரம். மூணு விநாடியா, இருபத்து நாலு கிலோமீட்டர். அவளுக்கு இது தூக்கத்திலும் வரும்.

ஆனால் தூரம்தான் தெரியும், திசை தெரியாது. அதனால் ஒவ்வொரு நிலையத்தையும் நடுவில் வைத்து வட்டம் போடுவார்கள். அவர்களிடம் இருந்தவை மூன்றே நிலையங்கள். இரண்டு, மலைத்தொடரின் முதுகிலேயே, வடக்கே ஒன்று தெற்கே ஒன்று. அந்த இரண்டு வட்டங்களும் எப்போதும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும், மேற்கே ஒன்று கிழக்கே ஒன்று. எது நிஜம் என்று தீர்ப்புச் சொல்வது மூன்றாவது வட்டம். அந்த மூன்றாவது நிலையம் மேற்கே ஒரு பாறைக் குன்றின் உச்சியில் இருந்தது. அதன் காவலாள் அவளுடைய தம்பி.

தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். மூன்று வேலைகளை உதறிவிட்டு வந்து நின்றவன். இயக்குநர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "என் தம்பி சார், நான் பொறுப்பு" என்றாள். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. குன்றின்மேல் அறை இருக்கிறது, பாறையில் எந்திரம் பதித்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அங்கே தங்கி பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடுமாடு கிட்டே வராமல் விரட்ட வேண்டும். அதற்கே அவன் முதல் மாதம் மூக்கால் அழுதான். பிறகு சரியாகிவிட்டான். சரியாகிவிட்டான் என்றுதான் அவள் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாள்.

முதல் நாள் முழுக்க அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். அலை வந்த கணங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு மயிரிழை பிசகில்லை. வடக்கு வட்டமும் தெற்கு வட்டமும் இடிந்த ஊரின் மேலேயே, கிழக்கே, ஒழுங்காகத்தான் வெட்டின. மூன்றாவது வட்டம்தான் பிடிவாதமாக மேற்கே போய் நின்றது. விநாடிகள் சரி, அதனால் தூரமும் சரி. அப்படியானால் வட்டத்தின் நடுப்புள்ளி தப்பு. எந்திரம் இருக்கும் இடம் தப்பு.

நிலையத்தின் இடம் பதிவேட்டில் ஒரு முறை ஏறினால் ஏறியதுதான், யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. வருடாந்தரச் சோதனைக்குப் போக வேண்டியவள் அவள்தான். "பாதை அரிச்சுப் போச்சுக்கா, உன் முட்டிக்கு ஆகாது" என்று தம்பி புகைப்படம் அனுப்புவான். அவளும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நாலு வருடம், நாலு கையெழுத்து.

தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எந்திரத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பதாகச் சத்தியம் செய்தான். நம்பத்தான் ஆசை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை, பழைய பதிவுகளைத் துழாவியது.

கல்குவாரியில் வெடி வைத்தாலும் எந்திரம் குலுங்கும். அது நிலநடுக்கம் இல்லை என்பதால் இடம்கூடக் கணக்கிடாமல் ஒதுக்கித் தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம். அந்தக் குப்பையை அவள் இப்போது கிளறினாள். குவாரிகள் எங்கே இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் கணக்கைத் தலைகீழாகப் போடலாம். மூன்று குவாரிகளை நடுவில் வைத்து, தம்பியின் எந்திரம் சொன்ன தூரத்துக்கு மூன்று வட்டம் போட்டாள். நிலநடுக்கத்தைத் தேடுகிற மாதிரி எந்திரத்தைத் தேடினாள்.

குன்றில் ஒன்றும் வெட்டவில்லை. மலைத்தொடருக்குக் கிழக்கே, குன்றிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, இடிந்த பள்ளத்தாக்குக்கு வெகு தெற்கே பாதை அறுபடாத ஒரு சின்ன ஊரின் மேல் மூன்றும் வந்து கூடின. வட்டம் ஊர் வரைதான் காட்டும். அது தம்பி குடியிருந்த ஊர், தெருவையும் வீட்டையும் காட்ட அவளுக்கு வட்டம் தேவைப்படவில்லை. குன்றும் அந்த ஊரும் மலைத்தொடருக்கு இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தன. அதனால்தான் கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்து தொலைத்தது. நாலு வருடமாகக் கிழக்கே நடந்ததையெல்லாம் மேற்கே என்று எழுதியிருக்கிறாள். சின்னச் சின்ன அதிர்வுகள், யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் பேருந்து பிடித்துப் போய் இறங்கினாள். தம்பி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வாயில் நுரையோடு நின்றான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறை, அதன் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். பழைய சாமான் என்பான். சாவியை வாங்கித் திறந்தாள். சிமென்ட் தரையில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தது எந்திரம்.

"எப்போ கொண்டு வந்தே?"

"வேலைக்குச் சேர்ந்து ரெண்டாம் மாசம்," என்றான். "அங்க தனியா எப்படிக்கா இருக்கறது? மிஷின் எங்க இருந்தா என்ன, பூமி எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

அந்த இரண்டாம் மாதம் என்றதும் அவளுக்குப் பழைய பதிவுகள் நினைவுக்கு வந்தன. அதே மாதம்தான் அவனுடைய நிலையத்தின் அளவுகள் திடீரென்று பெருக்க ஆரம்பித்தன. அலை எவ்வளவு உயரம் எழுகிறது என்பதையும் தூரத்தையும் வைத்துத்தான் வலிமையைச் சொல்வார்கள். ஒவ்வொரு எண் ஏறும்போதும் அலை பத்து மடங்கு உயரும். பாறை அடக்கமாக ஆடும், பொதபொத மண் ஊரைக் கூட்டும். மற்ற இரண்டும் மூன்று என்றால் இவன் எந்திரம் மூன்று புள்ளி நாலு என்றது. இப்படி ஒரு நிலையம் கூடுதலாகக் காட்டினால், அதற்கென்று ஒரு திருத்தம் போட்டுக் கழித்துக்கொள்வது தொழிலில் எல்லாரும் செய்வது. அவளும் புள்ளி நாலு கழித்தாள். கழித்துவிட்டு அவனையே தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் குன்று ரொம்ப ஆர்ப்பாட்டம் பண்ணுதுடா, நான் கழிச்சுக்கறேன், நீ கவலைப்படாதே" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். பாவி, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

காலையில் ஒரு உறுமல் தினமும் பதிவாகிறதே என்று கேட்டதற்கு, குன்றடியில் யாரோ மோட்டார் வைத்திருக்கிறார்கள் என்றவனும் இவன்தான். அதையும் நம்பினாள்.

பள்ளிக்கூடத்துக் குரலைப் பற்றி அவள் சொன்னாள். அவன் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். தானே இயக்குநரிடம் போய் ஒப்புக்கொள்வதாகச் சொன்னான். "உன்மேல ஒரு தூசு படாதுக்கா, நான் பாத்துக்கறேன்." அவள் அவன் தலையில் கை வைத்தாள். அடிக்கத்தான் போனாள், கை தடவிவிட்டு வந்தது. தன் அறிக்கையில் எந்திரம் இடம் மாறியிருந்தது என்று மட்டும் எழுதினாள். மாற்றியது யார் என்பதை எழுதவில்லை. அவனே சொன்னால் தண்டனை குறையும் என்று ஒரு நப்பாசை.

மூன்றாம் நாள் இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். தம்பியின் கையெழுத்து. முந்தின நாள் மாலையே வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒப்புக்கொள்கிறேன் என்றவன் ஒப்புக்கொண்டுதான் இருந்தான். எந்திரத்தை இடம் மாற்றியது உண்மை, ஆனால் மூத்த ஆய்வாளருக்குத் தெரிந்தே, அவர் சம்மதத்தோடு. அதனால்தான் அவர் அதே மாதத்திலிருந்து அளவைக் கழித்து வந்தார், அதனால்தான் குன்றுக்கு வராமலேயே நாலு முறை கையெழுத்திட்டார். இரண்டு பக்கத்தில் அக்கா என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. மூத்த ஆய்வாளர், மூத்த ஆய்வாளர் என்றே எழுதியிருந்தான்.

அவளுக்கு முதலில் கோபமே வரவில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறானே என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் நெஞ்சு எரிந்தது. தன் கையால் சோறு போட்டு வளர்த்த பிள்ளை, அழுத கண்ணீர் காயும் முன்னே உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறது.

"கழிச்சது நான்தான் சார். மேலே ஏறாம கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆனா இடம் மாறினது எனக்குத் தெரியாது."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவளை நம்பத்தான் அவருக்கும் விருப்பம், முகம் சொன்னது. தப்பிக்க ஒரு வழி காட்டுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"நாலு வருஷமா மிஷின் அந்த வீட்டுல இருந்திருக்கு. நீங்க அந்த வீட்டுக்குப் போனதே இல்லைதானே?"

ஒரு 'இல்லை' போதும். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கேதான் சாப்பிட்டாள். அந்தப் படியில் ஏறி மொட்டை மாடியில் துணி காயப்போட்டாள், இறங்கினாள். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து, தம்பியின் நிலையத்துப் பதிவில் ஞாயிறன்று எழும்பியிருந்த குட்டிக் குட்டி அலைகளை, ஏதோ ஆடு மேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அழித்தாள். அவளுடைய காலடிதான் அது. அவளே அழித்தாள்.

'இல்லை' நாக்கு நுனி வரை வந்தது. மிஷின் எங்க இருந்தா என்ன என்று தம்பி சொன்னதும் இப்படித்தானே நுனி நாக்கிலிருந்து வந்திருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வரை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிருக்கேன் சார்," என்றாள். "மாசம் ரெண்டு தடவை."

இயக்குநர் பேனாவைத் திறந்து, தம்பியின் கடிதத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.