தெலீலாளின் தறியில் அறுந்த இழை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சுகாசினிக்கு இரண்டு பெயர் உண்டு. வேலை சுத்தமான நெசவுக்காரி என்பது ஒன்று, வாயாடி என்பது இன்னொன்று. இரண்டையும் அவள் மறுத்ததே இல்லை.

அன்றைக்கு அவள் வீட்டுக்குச் சென்னையிலிருந்து இளங்கோவன் வந்திருந்தார். வேதாகமத்தை எளிய தமிழில் புதிதாக மொழிபெயர்க்கும் குழுக்காரர். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வோர் அதிகாரத்தையும் ஊர் ஊராகப் படித்துக் காட்டுவார்கள். கேட்டவர் தாளைப் பார்க்காமல் கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, புரிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு ஊர் போட்டாயிற்று. பன்னிரண்டாவது காஞ்சிபுரம்.

அவளைத் தேர்ந்தெடுத்தது சபைச் செயலாளரான அண்ணன் ஜான்சன். படிவத்தையும் அவனே நிரப்பினான். பெயர் சுகாசினி, வயது நாற்பத்தொன்று, தொழில் இல்லத்தரசி. சுகாசினி எட்டிப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவள் இல்லத்தரசியாம்! சுருக்கென்றது. வந்த மனுஷர் முன்னால் எதற்கு என்று விழுங்கிக்கொண்டாள்.

மகா பலசாலி சிம்சோனை அவன் காதலி தெலீலாள் எதிரிகளுக்குக் காட்டிக்கொடுக்கும் கதையை இளங்கோவன் இரண்டு தரம் படித்தார். சுகாசினி கணீரென்று திருப்பிச் சொன்னாள். உன் பலம் எதில் இருக்கிறது என்று தெலீலாள் நச்சரிக்கிறாள். என் ஏழு சடையையும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவோடு சேர்த்து நெய்தால் நான் அடங்கிவிடுவேன் என்று சிம்சோன் புளுகுகிறான். அவள் ஆணியை அடித்து இறுக்கிவிட்டு, எதிரிகள் வந்துவிட்டார்கள் என்று கத்துகிறாள். அவன் தூக்கத்திலிருந்து எழுந்து...

அங்கேயே நின்றுவிட்டாள்.

"இங்க இழை அறுந்திருக்குது சார். எப்போ தூங்கினான்? எப்போ நெய்தா?"

"சொன்னதைத் திருப்பிச் சொல்லுமா, போதும்" என்றான் ஜான்சன்.

"நெய்யாம ஆணியடிச்சா எப்படிண்ணா? ஏழு சடையையும் பாவுக்குக் குறுக்கால ஊடையாக் கொடுத்து, ஒவ்வொண்ணா அடிச்சு இறுக்கணும். அது வரைக்கும் முழிச்சிக்கினு இருக்கிற ஆம்பள தலைய நீட்டிக்கினு கிடப்பானா?"

ஜான்சனுக்கு முகம் செத்துவிட்டது. "வேதத்துல குத்தம் கண்டுபிடிக்கிறியா? நீ கையெழுத்துப் போடலன்னா நம்ம ஊரு பேரே புத்தகத்துல வராதுமா. நாளைக்கு அச்சுக்குப் போவுது."

ஊர்ப் பெயர் வர வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இல்லாமலா? திருப்புட்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அவர்களுடையது. சொந்தத் தறி போட்டது அவள்தான். ஆனால் அந்தத் தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் அவள் ஒரு விரற்கடைகூட நெய்ததில்லை.

"வராட்டிப் போவுது. புரியாததைப் புரிஞ்சிதுன்னு நான் போட மாட்டேன்."

இளங்கோவன் பையிலிருந்து தடித்த குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"எபிரெயப் பிரதியில இவ்வளவுதாம்மா இருக்கு. ஆனா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இதைக் கிரேக்கத்துல மொழிபெயர்த்தாங்க. அதுல நீங்க கேக்குறது இருக்கு. அவனைத் தூங்க வச்சா, சடையைப் பாவுல சேர்த்து நெய்தா. எபிரெயப் பிரதியைக் கையால நகல் எழுதினவர் கண்ணு ஒரு வரி தாண்டியிருக்கும்னு அறிஞர்கள் சொல்றாங்க. நாங்க அதைச் சேர்க்காம விட்டுட்டோம். யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சோம்."

"தறியில உக்காந்தவ கேப்பா சார்."

அவர் சிரித்தார். குழுவுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் வாதாடினார். பிறகு விட்டுப்போனதைத் தாளில் எழுதிச் சேர்த்து, இது பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து என்று அடிக்குறிப்பும் போட்டு, மறுபடி படித்தார். இந்தத் தடவை சுகாசினி கடைசிவரை நிற்காமல் சொன்னாள்.

ஜான்சன் படிவத்தையும் பேனாவையும் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"தொழில்னு ஒண்ணு எழுதினியே, முதல்ல அதை அடிண்ணா."

அவன் தங்கையைப் பார்த்தான், பின்னால் இருந்த தறியைப் பார்த்தான். இல்லத்தரசியை அடித்துவிட்டு, பட்டு நெசவாளி என்று நிதானமாக எழுதினான்.

"போதுமாம்மா?"

"இருபது வருஷம்னும் போடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.